பசித்த முயல் தின்ற சத்தங்கள்

“கடிகாரச் சத்தத்தத் தின்னா முயலுக்கு வயிறு ரொம்புமா அத்தை?” என்று ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டாள். கேள்வியில் தவறொன்றும் இல்லை. அந்த வீட்டு முயலுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை யாரும் எதுவும் போடவில்லை. வெள்ளிக்கிழமை அது கூடத்துக் கடிகாரத்தின் டிக் டிக்கைத் தின்றுவிட்டது. முட்கள் சரியாகவே நகர்ந்தன, மணியும் சரியாகக் காட்டியது, சத்தம் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய வாரம் குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம் போயிருந்தது, சொட்டுவது நிற்கவில்லை. அத்தை, காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வருகிறவர்களின் காதைச் சோதித்துச் சொல்லும் வேலை பார்ப்பவள். தொழில் பழக்கத்தில் நாற்காலி மேல் ஏறிக் கடிகாரத்தில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு இறங்கி, “சத்தம் தின்னா எப்படிம்மா ரொம்பும். அப்பாகிட்ட சொல்லி ஒரு கட்டு முள்ளங்கி இலை வாங்கிப் போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள். காய்கறிக்கடை தெருமுனையிலேயே இருந்தது. கடவுள் நம்மிடம் எதிர்பார்ப்பது பல நாட்களில் அவ்வளவு தூரம்தான்.

முயல் சாம்பல் நிறம், ஒரு காதின் நுனி மட்டும் வெள்ளை. பெண்ணின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. முதல் மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் நாற்றம் என்று கூண்டைப் பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். அதன் பிறகு தண்ணீர்க் கிண்ணத்தில் பாசி பிடித்தது, நகங்கள் வளர்ந்து கம்பிக்குள் சுருண்டன. வீட்டுக்காரர் அத்தையின் தம்பி, வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். அவர் மனைவி ஒரு நிறுவனத்தின் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் நாள் முழுக்கப் பிறத்தியார் திட்டுவதைக் கேட்டுவிட்டு வருகிறவள். வீட்டுக்குள் ஒவ்வொரு சத்தமாகக் குறைந்துகொண்டு வந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. துவைக்கும் இயந்திரம் ஊமையான அன்று, இந்த முயலால் இதாவது உருப்படியாக நடந்ததே என்றாள்.

ஊரின் ரயில் பாதையை ஒட்டி வரிசையாக நாற்பது வீடுகள் இருந்தன. இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் நடுங்கும், அலமாரியில் தட்டுகள் இடம் மாறும். எந்தத் தரகர் கையிலும் அவை விலை போகவில்லை. அத்தையின் தம்பி ஒரு நாள் முயலைத் துணிக்கூடையில் வைத்து, அப்படி ஒரு வீட்டின் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒளித்து வைத்தார். வீடு பார்க்க வந்த ஓய்வுபெற்ற தம்பதி ஜன்னலோரம் நின்றார்கள். பதினெட்டுப் பெட்டி சரக்கு ரயில் ஒன்று பஞ்சு மூட்டை போல நகர்ந்து போனது. “கண்ணாடி அப்படி சார். வெளிய குண்டு போட்டாலும் நீங்க தூங்கலாம்” என்றார் தரகர். அந்த வாரமே வீடு கைமாறியது. இரண்டாம் நாள் அந்தத் தம்பதி தொலைபேசியில் அழுதபோது, அன்றைக்கு ரயில் போனதை நீங்களே கண்ணால் பார்க்கவில்லையா என்று பணிவாகக் கேட்டார். மர அறுவை மில்லுக்குப் பக்கத்து வீடு, லாரி நிற்கும் தெரு வீடு என்று அவர் கை நீண்டது. முயலின் வழக்கம் அவருக்கு அத்துப்படி ஆகியிருந்தது: பசித்த முயல் பெரிய சத்தத்தைத்தான் முதலில் எடுக்கும், மனிதர் பேச்சுக்குக் கடைசியில்தான் வரும், வந்து போகிற இடத்தில் அன்றைய சத்தத்தை மட்டும் தின்னும், அருகிலேயே கிடந்தால் வேரோடு தின்னும், வயிற்றில் நாலு இலை இருந்தால் அன்று முழுக்க எதையும் தொடாது. ஆகவே அதற்கு வேலை இல்லாத நாளில் ஒரு வேளை மட்டும், அதுவும் காய்ந்த தீவனம் என்று ஆயிற்று. முன்பு மறதியால் பட்டினி கிடந்த பிராணி இப்போது திட்டப்படி பட்டினி கிடந்தது. அது தின்றவற்றுக்கு எடை கிடையாது. தோலுக்கடியில் எலும்பை எண்ணலாம் போல ஆனது. குடும்பம் புது கார் வாங்கியது.

பெண்ணுக்கு எட்டு வயதானபோது ஒரு காலையில் அவள் கீரைக் காம்புகளைக் கூண்டுக் கம்பி வழியே செருகினாள். அன்று ஒரு வங்கி அதிகாரிக்கு வீடு காட்டும் நாள். அதிகாரி வரவேற்பறையின் நீள அகலத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது விரைவு ரயில் உள்ளேயே புகுந்தது போல வந்து போனது. அவர் காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்த தரகர் மகளை அடிக்கவில்லை. அடிக்கிற மனிதர் அல்ல அவர். “உனக்கு அது மேல அவ்வளவு பாசமா? சரி, கூடவே இருக்கட்டும்” என்று காலிக் கிண்ணத்தோடு கூண்டைத் தூக்கி வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, சமையலறையையும் பூட்டினார். ஒரு வாரம். முதல் இரண்டு நாள் முயல் அவள் அழுகையைத் தின்றது. பிறகு “அப்பா, ஒரே ஒரு இலை” என்று அவள் கெஞ்சியதைத் தின்றது. அதன் பிறகு மிச்சம் இருந்ததைத் தின்றது. ஏழாம் நாள் அவள் வாயைத் திறந்தால் மூச்சு மட்டும் வந்தது. “இப்பத்தான் கொஞ்சம் அடக்கமா இருக்கா” என்றாள் தாய். தொண்டைக் கட்டு என்று பள்ளிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில்தான் அத்தை முயலை இரவல் கேட்டாள். அவள் குடியிருந்த மாடிக்குக் கீழே தகரப் பட்டறை. எட்டரை மணிக்கு ஷட்டர் ஏறினால் ஆறு மணி வரை சுத்தியல் ஓயாது. கடையிலோ, ஒலி புகாத கண்ணாடி அறையில் நாளெல்லாம் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கேட்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்தது. பட்டறைக்கு விடுமுறை இல்லை. வாழ்க்கையில் மூன்று பகல் நிம்மதியாகப் படுக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. தம்பி கூண்டை வாசலிலேயே கொடுத்தார். “ஒன்னே ஒன்னுக்கா. பாவம்னு எதையாவது போட்டுத் தொலைச்சிடாத, அப்புறம் வேலை செய்யாது.” அத்தை போடவில்லை. குளிர்பதனப் பெட்டியில் அரை முட்டைக்கோஸ் இருந்தது. முயல் கம்பிக்குள்ளிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே சுத்தியல்கள் ஓசையின்றி எழுந்து விழுந்தன. மூன்று பகலும் அவள் நன்றாகத் தூங்கினாள்.

கூண்டைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, கதவைத் திறந்த பெண் ‘அத்தை’ என்று உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. அத்தை கையிலிருந்த கூண்டைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். அந்தத் தொழிலில் இருபது வருடம் இருந்தவளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தான் தூங்கிய மூன்று நாளும் இந்தக் குரல் தன் தலைமாட்டில் ஒரு பட்டினி வயிற்றுக்குள் இருந்திருக்கிறது.

“முயலை நான் எடுத்துட்டுப் போறேன்டா.”

“எடுத்துட்டுப் போயி? ரெண்டு வீடு பேச்சுல இருக்குக்கா.”

“உன் பொண்ணுடா அவ.”

“அவளுக்கு என்ன இப்ப? சாப்பிடுறா, படிக்கிறா, எழுதிக் காட்டுறா. ஊர்ல வாய் ஓயாத பிள்ளைங்கள வச்சிக்கிட்டு அவனவன் முழிக்கிறான்.”

அவர் கொடுக்கவில்லை. ஆனால் பசியை அதற்கு மேலும் இழுத்ததில் அவர் ஒரு தவறு செய்தார். அடுத்த மாதம், ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த நாள் என்பதைக் கவனிக்காமல் கூண்டை எடுத்துப் போய்விட்டார். தின்ன ரயில் இல்லாததால் முயல், விலையை முடித்துப் பேசிக்கொண்டிருந்த தரகரின் பேச்சை எடுத்துக்கொண்டது. வாங்க வந்தவர்கள் எதிரே அரை மணி நேரம் அவர் வாய் மீன் வாய் போலத் திறந்து மூடியது. வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். குரல் மறுநாள் திரும்பிவிட்டது, ஆனால் அவர் பயந்துவிட்டார். முயலைச் சாக்கில் கட்டி அக்கா வீட்டு வாசலில் வைத்து, அழைப்பு மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

கால்நடை மருத்துவர் அதன் பற்களை வெட்டிவிட்டு, ஆறு மாதம் தாங்கினால் அதிசயம் என்றார். அத்தை அரை முட்டைக்கோஸ் வாங்கி வந்தாள். முயல் தின்று முடித்துக் கண்ணை மூடியதும் அதன் விலாவிலிருந்து குழாய் சொட்டும் சத்தம் வந்தது. மறுநாள் காலையிலும் சொட்டு. பத்தாம் நாள் கடிகாரம். அதே நேரத்தில் தம்பி வீட்டுக் கூடத்தில் கடிகாரம் இரண்டு வருடமாக எதுவுமே நடக்காதது போல டிக் டிக் என்றது. உள்ளே போன வரிசையிலேயே எல்லாம் வெளியே வருகிறது, வயிறு நிறைந்திருக்கும் வரைதான் வருகிறது என்பது அவளுக்குப் புரிந்தது. அடுத்தது துவைக்கும் இயந்திரம், பிறகு ரயில்கள். பெண்ணின் குரல் அத்தனை ரயில்களுக்கும் பின்னால் நின்றது.

முதல் சரக்கு ரயில் மூன்றாவது மாடியில் அவள் படுக்கையறையைக் கடந்தபோது கீழ்வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். “உங்க வீட்டு வழியா பாதை போட்டாங்களா? டிக்கெட் எங்க கிடைக்கும்?” என்று தகரப் பட்டறைக்காரரே மேலே வந்து கேட்டார். மூன்றாவது வாரம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ரயில் சத்தத்தை யாரும் குற்றம் சொல்லாத ஒரே இடம் ரயில் பாதையோரம்தான். விற்காமல் கிடந்த வீடுகளில் ஒன்றை அவள் தம்பியிடமே வாடகைக்குப் பேசினாள். அவர் தரகுப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

அங்கே மூன்று வருடம் போனது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு கட்டு இலை, மாலையில் ஒரு கட்டு; வெளியே போகும் ரயில்களுக்கு இடையில் உள்ளே ரயில்கள் ஓடின. வீடு பத்து நிமிடம்கூடச் சேர்ந்தாற்போல் அமைதியாக இல்லை. அத்தைக்கு முடி கொட்டியது, பால்காரரிடமும் கத்திப் பேசுகிறவளானாள். ஆறு மாதம் என்றவர் முயலின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினார். அது செத்தால் குரலும் அதோடு போய்விடும் என்பதால் அவள் அதற்குப் போர்வை போர்த்தினாள், வெயிலுக்கு ஈரத்துணி கட்டினாள், ஒரே ஒரு நாள்கூட ஊருக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் வந்து ஒன்றும் பேசாமல் அதன் நகத்தை வெட்டிவிடுவாள். மர அறுவை மில் வந்தது, லாரிகள் வந்தன, திரும்ப ரயில்கள் வந்தன.

பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது, ஒரு ஞாயிறு மதியம், முயலிடமிருந்து ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அன்றைக்கு வாடகை வாங்க வந்திருந்த தரகரும் கூடத்தில் இருந்தார். “அப்பா, ஒரே ஒரு இலை. அப்பா, அதுக்குப் பசிக்குதுப்பா” என்று எட்டு வயதுக் குரல் கெஞ்சியது, தேம்பியது, மறுபடி கெஞ்சியது. தரகர் எழுந்து தொலைக்காட்சியைப் போட்டு ஒலியைக் கூட்டினார். முயல் நிறுத்தவில்லை, அத்தை இலை இலையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெண் இருமினாள், தன் இருமலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டாள். அவளுக்குத் திரும்பிக் கிடைத்தது போனபோது இருந்த குரல்தான். அது பிறகு வளரவே இல்லை. முப்பது வயதிலும் தொலைபேசியில் அவளிடம், பாப்பா, வீட்டில் பெரியவங்க யாராவது இருக்காங்களா என்று கேட்டார்கள்; அவளும் பொறுமையாக, நான்தான் பெரியவள் என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

ஆனால் அந்த மாலையில் அவள் முதலில் பேசியது அத்தையிடம்.

“அத்தை, உங்க வீட்டுல மூணு நாள் இருந்துச்சே. அப்ப நீங்க ஏன் அதுக்கு ஒன்னும் போடல?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தரகர் மகளை அழைத்துக்கொண்டு, குரல் கிடைத்த நல்ல செய்தியைத் தொலைபேசியில் நாலு பேருக்குச் சொல்லியபடி காரில் ஏறினார். “இனிமே எதுக்குக்கா அந்தப் பொணத்தக் கட்டி அழுவுற. ஒரு ஊசி போட்டு விட்டுடு” என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். சொன்னதில் நியாயம் இருந்தது. முயலுக்கு ஒரு கண் போய்விட்டிருந்தது, பின்னங்கால் இழுத்தது. அதன் வயிற்றில் இனி யாருக்கும் வேண்டியது எதுவும் இல்லை. இருந்தது தரகரின் அரை மணி நேரப் பேச்சும், அதற்கு முன்னால் மூன்று நாள் சுத்தியலும் மட்டும். அந்த அதிர்வில் முயலின் விலா விடாமல் துடித்தது, அது கால் நீட்டிப் படுக்க முடியாமல் குந்தியே இருந்தது.

திங்கட்கிழமை அத்தை கடைக்குத் தொலைபேசி செய்து மூன்று நாள் விடுப்புச் சொன்னாள். வேலைக்குப் போயிருந்தால் சுத்தியல் ஆளில்லாத வீட்டில் அடித்து ஓய்ந்திருக்கும். காலையும் மாலையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மாதத்தில்கூடத் தீர்த்திருக்கலாம். அவள் கதவைச் சாத்தி, நான்கு கட்டு இலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையில் முயலுக்கு எதிரே உட்கார்ந்தாள். கடையில் விற்பதிலேயே உயர்ந்த காதடைப்பான் மேஜை இழுப்பறையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. முதல் அடி விழுந்தபோது ஜன்னல் கொக்கி கழன்றது. வயிறு காலியாகாதபடி ஒவ்வோர் இலையாக ஊட்டினாள். அடி இடைவெளியில்லாமல் விழுந்தது. இரண்டாம் நாள் அவள் வலது காதில் சீட்டி கேட்கத் தொடங்கியது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும், இனி அது போகாது என்றும் தெரியும். வாசலில் யாரோ தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மாலை கடைசித் தகடு மடங்கியது, பட்டறையின் ஷட்டர் கரகரவென்று இறங்கிப் பூட்டு விழுந்தது. அதற்குப் பின்னால் தரகரின் குரல் அரை மணி நேரம் ஒரு வீட்டின் விலையைப் பேசி ஓய்ந்தது.

முயல் சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு கால்களை நீட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. செத்துவிட்டதோ என்று அவள் குனிந்து பார்த்தாள். மூச்சு இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து, சிதறிக் கிடந்த இலைக்காம்புகளைக் கூட்டி அள்ளி, அதன் தண்ணீரை மாற்றி வைத்தாள்.