அத்தையின் பாட்டும் எரிமலையும்

தோங்கா நாட்டின் லோட்டோஃபா தீவில் பாடத் தெரியாதவன் என்று ஒருவன் பிறந்ததில்லை. பிறந்திருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டான். தீவு ஒரு எரிமலையின் அடிவாரத்தில் கிடக்கிறது. மலையைக் கண்காணிக்கிற கருவிக்குக் கெட்டியான தரை வேண்டுமென்று தலைநகரம் நுகுவாலோஃபாவிலிருந்து வந்தவர்கள் இரண்டு நாள் அலைந்தார்கள். பாறைமேல் நேரே சிமெண்ட் போட்ட இடம் தீவு முழுக்க ஒன்றுதான் இருந்தது, மெதடிஸ்ட் கோயில். அதன் பின்பக்கத்துச் சாமான் அறையில் பெட்டியை வைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். தோங்காக்காரர்கள் கூடிப் பாடுகிற இடத்துக்கு அடுத்த அறையில் நிலநடுக்கம் அளக்கலாம் என்பதெல்லாம் தலைநகரத்து அறிவாளிகளுக்குத்தான் தோன்றும்.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவள் லுசேயானே. ஆக்லாந்தில் பூமியைப் பற்றிப் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியவள். கோயில் பாடகர் குழுவிலும் இருக்கிறாள். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்கிறாய் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் அவளுக்குக் கேள்வியே புரியாது. ஒரே வாய்தானே சாப்பிடவும் செய்கிறது, பாடவும் செய்கிறது.

பிப்ரவரியில் அவள் நன்றாக மூக்குடைபட்டாள். காய்ச்சலோடு வீட்டில் படுத்தபடி மடிக்கணினியில் பார்த்தால், தினமும் சாயங்காலம் பெட்டி வரைகிற கோடு குதிகுதியென்று குதித்தது. மலை விழித்துக்கொண்டது என்று தலைநகரத்துக்குச் சொன்னாள். ஊரைக் காலி பண்ணக் கப்பல் வந்து நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. அத்தை கலோலைனே கோயிலில் ஈஸ்டர் பாட்டுக்காக ஆண்களைத் தாளத்துக்குத் தரையை உதைக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். லுசேயானேயின் மானம் கப்பலேறியது. சொல்லப்போனால் அன்று அந்தக் கப்பலில் ஏறியது அது ஒன்றுதான்.

அதிலிருந்து ஊரில் யார் தும்மினாலும் "லுசேயானேகிட்ட சொல்லுங்கப்பா, கப்பல் விடட்டும்" என்று கிண்டல். அத்தைக்கோ கோபம் வேறு. "கர்த்தரைத் துதிச்சா உன் பெட்டிக்குப் பூகம்பமா தெரியுதாடி?" என்று கேட்டாள்.  தோங்காவில் அப்பாவின் அக்காவுக்கு மேலே ஆள் கிடையாது. ராஜாவிடம் மனு போடலாம், அத்தையிடம் முடியாது.

மே மாதம் பிள்ளைகளின் ஞாயிறு வந்தது. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக வந்து வசனம் ஒப்பித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு பாட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் அதே உதை. வெளியே மண்ணடுப்புகளில் பன்றியும் கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. நடுவே கோயிலுக்கென்று லுசேயானே இடுப்பில் கட்டியிருந்த பாய் உடைக்குள் செருகியிருந்த போன் உறுமியது. தலைநகரத்து அதிகாரி விலியாமே. அவர் கோயில் பக்கம் போகிற ஆளில்லை என்பது நாடறிந்தது. ஆனால் தோங்காவில் ஞாயிற்றுக்கிழமை வேலை என்று யாரையும் கூப்பிட அவருக்கும் மனசு வராது. அவரே கூப்பிடுகிறார் என்றால் விஷயம் பெரிது என்று லுசேயானேக்குப் புரிந்தது. குனிந்தபடியே வெளியே ஓடினாள்.

"விடியக்காலையிலேர்ந்து கோடு ஆடிக்கிட்டே இருக்கு. உங்க அத்தையா, மலையா?"

"விடியக்கால ஜெபத்துக்கே ஊர் மொத்தமும் வந்தாச்சு. அப்புறம் ஒத்திகை, இப்ப ஆராதனை. யாராவது உதைச்சுக்கிட்டேதான் இருக்காங்க. எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

"மலைன்னா மத்தியானத்துக்குள்ள கப்பல் வரணும். கடல் இன்னிக்குப் பேயா ஆடுது, வயசானவங்கள ஏத்துறதுக்குள்ள ரெண்டு பேராவது தண்ணில விழுவாங்க. சும்மா விழ வைக்க முடியாது. மலையா இருந்து நாம சும்மா இருந்துட்டாலோ, சொல்லவே வேணாம்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா அந்தப் பெட்டி எதுக்கு? மேலிடத்துல ஏற்கெனவே கேக்குறாங்க. எடுத்துட்டு வந்துடுவேன்."

பெட்டி போய்விட்டால் மலை நிஜமாகவே விழிக்கிற நாளில் இந்த ஊருக்குச் சொல்ல ஆளிருக்காது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் அசையாமல் ஐந்து நிமிஷம் இருந்தால் போதும், பெட்டி சொல்லிவிடும். ஆனால் இந்த ஊரை, அதுவும் பிள்ளைகளின் ஞாயிறன்று, யார் அசையாமல் உட்கார வைப்பது?

உள்ளே போய், போதகர் ஃபிலிமோனேயின் காலடியில் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"மௌன ஜெபம்னு சொல்லிடறேன்" என்றார். "இருபது வருஷமா இந்தக் கோயில்ல அமைதிக்கு நானும் ஏங்கறேம்மா. ஆனா உங்க அத்தையை யாரு நிறுத்துறது?"

"நீங்கதான் ஐயா."

"நானா? அவங்க பாட்டு முடிஞ்சாத்தான் எனக்குப் பிரசங்கமே."

அதற்குள் அத்தை கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "என்ன குசுகுசு?"

போதகர் சபைக்கே சொன்னார். தரைக்குக் கீழே மலை எழுந்திருக்கிறதா என்று தெரியவேண்டும், எல்லாரும் அசையாமல் ஜெபம் பண்ணவேண்டும், பெட்டி பார்த்துச் சொல்லும் என்றார்.

"அப்ப ஜெபம் பண்றது கர்த்தர்கிட்ட, பதில் வாங்கறது பெட்டிகிட்டயா?" என்றாள் அத்தை. "அவர் மேல நம்பிக்கை இருந்தா பெட்டி எதுக்கு? பெட்டி மேல நம்பிக்கை இருந்தா ஜெபம் எதுக்கு? ஒரு வியாதியை ரெண்டு டாக்டர்கிட்ட காட்டுறீங்களா?"

ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. எல்லாரும் லுசேயானேயைப் பார்த்தார்கள். படித்த பெண், பிரமாதமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளிடம் இருந்தது ஒன்றுதான்.

"எனக்குப் பயமா இருக்கு அத்தை."

அத்தை அவளையே பார்த்தாள். பிறகு சபைப் பக்கம் திரும்பினாள்.

"காதுல விழுந்துச்சா? பிள்ளை பயந்துபோய் நிக்கிறா. வாயை மூடுங்க. காலை மடக்குங்க. சியோனே, அந்த விசிறியைக் கீழ வை. வெளியே ரெண்டு பேர் போய்ப் பன்னிங்கள அந்தாண்ட ஓட்டிட்டு, மண்ணுல உக்காந்துக்குங்க. நான் கை இறக்குற வரைக்கும் எவனும் இருமக்கூடாது."

கையைத் தூக்கினாள். பாடகர்களை அடக்கிப் பழகிய கை அது. முன்வரிசைக் குழந்தைகள் மூச்சைப் பிடித்ததில் கன்னம் உப்பியது. லோட்டோஃபா கோயிலில், கட்டின நாளிலிருந்து, அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை.

லுசேயானே சாமான் அறையில் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதன் திரையைப் பார்த்தாள். கோடு இறங்கியது. குதிப்பெல்லாம் அடங்கியது. அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் முழுசாக அடங்கவில்லை. பொடிப்பொடியாக, விடாமல், ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. புத்தகத்தில் போட்டிருப்பது போலவே இருந்தது, அடியில் எரிமலைக் குழம்பு கிளம்பும்போது வருகிற நடுக்கம். போனை எடுத்தாள். விலியாமேயின் எண்ணில் விரலையும் வைத்துவிட்டாள்.

போன் கையில் நிற்கவில்லை. அப்போதுதான் கீழே பார்த்தாள். அவளுடைய முழங்கால் வெடவெடவென்று ஆடி, குதிகால் சிமெண்டில் தட்டிக்கொண்டிருந்தது.

காலை இரண்டு கையாலும் அமுக்கினாள். கையும் சேர்ந்து ஆடியது. எழுந்து போகலாமென்றால் நடக்கிறதும் கோட்டில் விழும், அத்தையின் கை எவ்வளவு நேரம் மேலே நிற்கும்? மூச்சை எண்ணிப் பார்த்தாள், எண்ண எண்ண நடுக்கம் கூடியது. படித்தது எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். முழங்காலை நிறுத்த அதில் ஒன்றும் இல்லை.

கண்ணை மூடினாள். முதலில் கோடு அடங்கட்டும் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. அப்படிக் கேட்பது பெட்டிக்கும் துரோகம், கர்த்தருக்கும் துரோகம் என்று பட்டது. "எதுவா இருந்தாலும் இருக்கட்டும். நான் சரியாப் பாக்கணும். சரியாச் சொல்லணும். என் கூட இரும்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே இருந்தாள். அடுத்த அறையில் ஊரே அவளோடு இருந்தது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது கால் அடங்கியிருந்தது. திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. அது ஓட ஓட, கண்ணீர் வழிய வழிய, சிரித்துக்கொண்டே பார்த்தாள். பிறகு போனை அழுத்தினாள்.

"மலை தூங்குது. ஆடினது நாங்கதான்."

விலியாமே பெருமூச்சு விட்டது கடல் தாண்டிக் கேட்டது. "கப்பலை நிறுத்திடறேன். இப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியும்னா பெட்டி அங்கேயே இருக்கட்டும். நானும் இங்க பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கடைசியில பொடியா ஒண்ணு ஓடுச்சே, நான் செத்தே போயிட்டேன். அது என்ன?"

"அது நான். என் கால்."

"சரி, பதிவுல போடணும். நடுக்கத்துக்குக் காரணம்?"

"பயம்."

அவர் தட்டெழுதுகிற சத்தம் கேட்டது. "நின்னதுக்குக் காரணம்?"

 அவர் யார், என்ன நினைப்பார் என்பதெல்லாம் லுசேயானேயின் மனசில் வந்து போனது.

"ஜெபம்."

"விளையாடாத. இது ஆபீஸ் பதிவு."

"அதனாலதான் சொல்றேன். மூச்சை எண்ணிப் பாத்தேன், நிக்கல. அமுக்கிப் பாத்தேன், நிக்கல. ஜெபம் பண்ணேன், நின்னுச்சு. வேற எதை எழுதினாலும் பொய்."

 மறுமுனையில் அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் வந்தது.