வீங்கிய எழுத்து

நானும் என் தம்பியும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. சொத்துத் தகராறு என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள். சொத்தாவது மண்ணாவது! ‘ண’வின் சுழி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் சண்டை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அச்செழுத்து வகை. உரிமை காலாவதியாகி எல்லோருக்கும் பொதுவானது. ஈய எழுத்துகளை எப்போதோ உருக்கிவிட்டார்கள். பழைய புத்தகங்கள்தான் மிச்சம். அதைக் கணினிக்காக மறுபடி வரையலாம் என்று நாங்கள் இருவரும்தான் ஆரம்பித்தோம். இலவச மென்பொருள், இணையத்தில் பொதுவில் வைத்த கோப்புகள், முகம் தெரியாத சிலரின் உதவி. பழைய அச்சுப் பக்கத்தில் தெரிந்தபடியே நான் தடிமனாக வரைந்தேன்.

“அக்கா, அது எழுத்து இல்ல, மை. காகிதத்துல ஊறி வீங்கியிருக்கு. நீ வீக்கத்தைப் போய் வரையிற” என்றான் தம்பி.

“உனக்கு எலும்புக்கூடு வரையத்தான் தெரியும்” என்றேன்.

மறுநாளே கோப்புகளை மொத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டான். பொதுக் கோப்பை எடுத்துத் தனியாக வரைய யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அக்காவின் ஃபோனை எடுக்காமல் இருக்க எந்த உரிமை இருக்கிறது? அவன் குரலைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமும் இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

போன வாரம் அவன் தன் மெலிந்த எழுத்தை வெளியிட்டான். பழசுக்குப் பக்கத்தில் வைத்தால் எலும்புக்கூடு என்று தெரிந்துவிடும், ஊர் பார்க்க அவன் மூக்கை உடைக்கலாம் என்று கிளம்பினேன். நான் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைப்பவள். பழைய புத்தகத்தின் ஒரு பக்கத்தை அப்படியே அவன் எழுத்தில் அமைத்து, அச்சுத் தகடு செய்து, அழைப்பிதழ் அடிக்கிற பழைய மெஷினில் சொரசொரப்பான காகிதத்தில் அடிக்கச் சொன்னேன்.

மெஷின்காரர் அடித்த தாளையும் பழைய பக்கத்தின் நகலையும் தூக்கிப் பிடித்தார். “இதுல எதும்மா பழசு?”

பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு சுழிகூட விலகவில்லை. மெலிந்த எழுத்து மையில் ஊறி, பழைய பக்கமாகவே ஆகியிருந்தது. அன்றைக்கு அச்சுக்கு எழுத்தை வெட்டியவர், மை பரவும் என்று தெரிந்தே மெலிதாக வெட்டியிருக்கிறார். பாவி, எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான்!

தாளைக் கசக்கிப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. படம் எடுத்துப் பொதுவில் போட்டு, “தம்பி சொன்னதுதான் சரி” என்று எழுதினேன். “எந்தத் தம்பி?” என்று இணையக் கூட்டாளிகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது.

“அக்கா.”

“ம்.”

“பேப்பர்லதான் என்னுது சரி. ஸ்கிரீன்ல நோஞ்சானா தெரியுது. அங்க மை ஊறாதுல்ல? அதுக்கு உன்னோட எழுத்துதான் வேணும். ரெண்டையும் ஒரே பேர்ல சேர்த்துடலாமா?”

விட்டுக்கொடுக்காமல், “என்னை எதுக்குடா கேக்குற? பொதுவுலதானே கிடக்கு. யார் வேணா எடுக்கலாம், எடுத்துக்கோ” என்றேன்.



“நீ குடுத்தா எடுத்துக்கறேன்” என்றான்.