வாக்குச் சொன்ன இரண்டு நிமிடம்

குருநகர் லூர்த்தம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அதனால் மகன் ஜெரிசனின் கலியாணத்துக்கு அவரால் கோவிலுக்குப் போக முடியவில்லை. கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் பின்னேரம் நாலு மணிக்குக் கட்டிலடியிலேயே வீடியோவைப் போட்டுக் காட்டுவதாகக் கலியாண வீடியோக்காரி லவீனா வாக்குக் கொடுத்திருந்தாள். படம் பிடித்தவளும் அவள்தான், எடிட் பண்ணுகிறவளும் அவள்தான்.

அன்று காலை பதினொரு மணிக்குத்தான் பிழை தெரிந்தது. மணமக்கள் கோவிலுக்குள் நுழைந்ததை ஸ்லோமோஷனில் எடுத்தவள், கமராவைப் பழைய வேகத்துக்கு மாற்ற மறந்துபோயிருந்தாள். திருமண வாக்குறுதியும் அப்படியே பதிவாகியிருந்தது. ஜெரிசனின் உதடுகள் தண்ணீருக்குள் அசைவதுபோல அசைந்தன. சத்தமே இல்லை. ஸ்லோமோஷனில் அந்தக் கமரா குரலைப் பதியாது.

லவீனா அந்த இடத்தைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தாள். மேலே ஒரு பாட்டைப் போட்டு மூடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"தம்பி ஜெரிசன், ஒரு பிழை நடந்துபோச்சு. நீங்கள் ரெண்டுபேரும் வாக்குச் சொன்னது சத்தமில்லாமல் வந்திருக்கு. பிழை என்ரைதான்."



"அம்மா அதைத்தான் கேக்கவேணுமெண்டு இருக்கிறா அக்கா."

"தெரியும் தம்பி."

"பொறுங்கோ. கோவிலிலை முன்வாங்கிலை இருந்துகொண்டு தங்கச்சி போனிலை குரலைப் பதிஞ்சவள். கேட்டு அனுப்பிவிடுறன்."

பத்து நிமிடத்தில் அது வந்து சேர்ந்தது. இனிப் படத்தை உண்மையான வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். என்ன வேகத்தில் எடுத்தாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. முதலில் வேகத்தை ஐந்நூறு சதவீதமாக்கினாள். கலியாணத்தை நடத்திவைத்த பங்குச் சுவாமியார் கோழி கொத்துவதுபோலத் தலையாட்டினார். நானூற்றில் மனிதர் மனிதராக அசைந்தார்கள். சுவாமியார் புத்தகத்தை விரிக்கும் இடத்தில் குரலைப் பொருத்தினாள். ஜெரிசனின் வாக்கு அப்படியே உதட்டில் ஒட்டியது. ஆனால் மணமகள் முடிப்பதற்குள் உதடு முந்திக்கொண்டு மூடியது. சத்தம் பின்னால் வந்தது.

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதாக்கினாள். அப்போதும் உதடு கொஞ்சம் முந்தியது. முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கடைசிச் சொல்லும் உதடும் ஒன்றாய் நின்றன. நம்பிக்கையில்லாமல் மூன்றுதரம் ஓட்டிப் பார்த்தாள். மூன்றுதரமும் சரியாகவே இருந்தது. கதிரையில் சாய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

நாலு மணிக்கு லூர்த்தம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மகன் வாக்குச் சொல்லி முடிக்கும்வரை அவர் கண் அசையவில்லை.

"வடிவாத்தான் சொல்லியிருக்கிறான்," என்றார். "இன்னொருக்கால் போடு பிள்ளை."

லவீனா போட்டாள். தலைமாட்டில் நின்ற ஜெரிசன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அவளுக்கு உறைத்தது.

"தம்பி," என்றாள் மெதுவாக, "கலியாணக் கேக் மிச்சம் ஏதும் கிடக்கோ?"