சுபேதார் ஆர்டர்

எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் நாதாங்கி கிடையாது. திருட்டுப் பயம் இல்லாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். இது போலாரம், தெலுங்கு நாட்டில் ஒரு பழைய பட்டாள ஊர். பக்கத்து வீட்டில் செருப்பைக்கூட உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் தூங்குகிறார்கள். எங்கள் வீட்டைப் பூட்டக் கூடாது என்பது சுபேதார் ஆர்டர்.

சுபேதார் நடேசன் என் கணவர் வாசுவின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா. விக்டோரியா மகாராணி காலத்தில் மதராஸ் பட்டாளத்தில் அதிகாரி. பர்மா சண்டைக்குப் புறப்பட்டபோது மனைவியிடம், "நான் திரும்பி வர்ற வரைக்கும் கதவைப் பூட்டாதே, வீட்டுல ஆள் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கப்பலை விட்டு இறங்கிய மாதமே குண்டு பட்டுச் செத்துப்போனாராம். அவர் திரும்பி வராததால் ஆர்டரும் முடியவில்லை. நூற்றிருபது வருஷமாக இந்த வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்கிறது. ஆள் என்றால் மருமகள்.

ஆண்கள் வேலைக்குப் போவார்கள், சினிமாவுக்குப் போவார்கள், சீட்டாடப் போவார்கள். எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும். கடைசி ஆண் உள்ளே வந்த பிறகுதான் உள்தாழ்ப்பாள் போடுவோம். வேலைக்காரியை உட்கார வைக்கலாமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். கூடாதாம், சுபேதார் வீட்டு ஆள்தான் இருக்க வேண்டுமாம். புது மருமகள் வந்த அன்று பழைய மருமகள் சுபேதாரின் கைத்தடியை அவள் கையில் கொடுப்பாள். அதோடு பழையவளுக்கு விடுதலை. என் மாமியார் அம்மணி அதை என் கையில் கொடுத்தபோது, ஈரோட்டுக்காரி நான், ஏதோ சீர் என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் அதில் இருப்பவளை நாலு அறை அறையலாம் போல இருக்கும்.

அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பது வருஷம் இருந்து கழித்தவர். லால் பஜாரில், பஸ்ஸில் போனால் அரை மணி தூரத்தில், அவருடைய அம்மா இறந்த அன்று இந்த வீட்டிலிருந்து எல்லோரும் போனார்கள், அவரைத் தவிர. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். இப்போது கோயில், பஜனை, திருப்பதி என்று சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பஜனைக் குழுவோடு ஷிர்டி போக டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. கொண்டாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் பார்த்த அதே வேலை. பல் டாக்டரிடம் போகிறேன் என்று அத்தையை உட்கார வைத்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போய் வந்தேன். ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே மூன்று வருஷம் வீட்டில் கிடந்தவள். இதை விட்டால் அடுத்து எவனும் என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வாசுவிடம் சொன்னேன். ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் ராட்சச மெஷின்களை மேய்க்கிறவர், அம்மா என்றதும் குரல் இறங்கிவிட்டது.

"அம்மாகிட்ட நீயே பேசிக்கோயேன், சௌம்யா."

நான் போனால் அத்தை மறுபடி உள்ளே உட்கார வேண்டும். அதை எந்த வாயால் கேட்பது? கேட்க வேண்டியது ஆர்டர் போட்டவரைத்தான் என்று தோன்றியது. அவர் விட்டுப்போனது இரண்டே பொருள், ஒரு பதக்கமும் அந்தக் கைத்தடியும். வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கும். ஆயுத பூஜைக்குக் கீழே இறக்கிப் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் அப்புவார்கள். தடியின் தலையில் மஞ்சள் துணிக்கு மேல் மஞ்சள் துணியாகச் சுற்றிச் சுற்றி அது ஒரு குழந்தைத் தலை அளவுக்கு வீங்கியிருந்தது. இந்த வருஷம் நான் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

விபூதி போட்டுத் தேய்க்கத் தேய்க்க பதக்கத்தில் மகாராணியின் மூக்கு வந்தது. அதற்கு மேலே, நாடாவுக்குக் கீழே, இரண்டு வெள்ளிப் பட்டைகள். ஒன்றில் பர்மா 1885-7. இன்னொன்றில் பர்மா 1887-89. இன்டர்நெட்டில் பழைய பதக்கங்களைப் பற்றிப் பேசும் ஒரு குழுவில் எழுதிக் கேட்டேன். ஒவ்வொரு பட்டையும் தனித்தனிச் சண்டைக்கு, அதில் நேரில் இருந்தவருக்குத்தான் கொடுப்பார்கள் என்று இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர் பதில் போட்டார். பர்மாவில் இறங்கிய மாதமே செத்தவர் அடுத்த சண்டைக்கு எப்படிப் போனார்?

மஞ்சள் துணியைப் பிரித்தேன். உள்ளே வெள்ளிப் பூண். அதில் இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருந்தது: சுபேதார் நடேசன் ஓய்வு பெறும்போது படைப்பிரிவின் அதிகாரிகள் அன்போடு அளித்தது, போலாரம், 1891.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடனே அழுகையும் வந்தது. பர்மாவில் குண்டு பட்டுச் செத்த சுபேதாருக்கு உள்ள மரியாதை, போலாரத்தில் மூட்டு வலியோடு செத்தவருக்குக் கிடையாது. அதுவும் போக, அவர் திரும்பிவிட்டார் என்றால் ஆர்டர் செல்லாது. பிள்ளையோ பேரனோ, யாரோ ஒரு புண்ணியவான் கதை கட்டி அவரைப் பர்மாவிலேயே கொன்று முடித்திருக்கிறான்.

தடியை எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினேன்.

"அத்தை, இங்க பாருங்க. ரிட்டயர் ஆனப்ப கொடுத்ததுங்க. இங்கயே, போலாரத்துல. செத்தவரு எப்படிங்க ரிட்டயர் ஆவாரு?"

"கைக்கு இதெல்லாம் நோண்டறே? துணியக் கட்டு மொதல்ல." இந்த ஊர் உருது கலந்த தமிழ் அத்தையுடையது; கைக்கு என்றால் எதற்கு.

"அடியப் பாருங்க. பித்தளை ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. இதை ஊனிக்கிட்டு வருஷக்கணக்கா நடந்திருக்காருங்க, இந்த வீட்டுலதான். அவரு வந்துட்டாரு அத்தை. ஆர்டர் அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. வேலைக்கு நானும் போலாம், ஷிர்டிக்கு நீங்களும் போலாம்."

அத்தை சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தேய்ந்த பித்தளையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். முகம் இருண்டுகொண்டே வந்தது.

"ஹவ், ஆமா, வந்தாருன்னே வச்சிக்கோ. அப்ப நான் எதுக்குடி உக்காந்திருந்தேன்? எங்கம்மாவத் தூக்கிட்டுப் போறப்ப நான் இங்க யாருக்குக் காவல் இருந்தேன்?"

அத்தை மஞ்சள் துணியை எடுத்துத் தடியின் தலையில் மறுபடி சுற்றத் தொடங்கினார்.

"நக்கோ சௌம்யா, வேணாம். அவரு வரல. பர்மாவுலதான் செத்தாரு. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

நான் வெளியே வர வேண்டுமானால் அவருடைய முப்பது வருஷமும் வீண் என்று ஆக வேண்டும். அவர் மனசு நோகாமல் இருக்க வேண்டுமானால் நான் உள்ளேயே கிடக்க வேண்டும். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அத்தை மேல் ஆத்திரமாக வந்தது. அப்படி வந்ததற்காக என் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கம்பெனிக்கு ஃபோன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணி ஹாலுக்கு வந்தேன். அத்தை குளித்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி அவர் கையில் இருந்தது.

"நீ போ. நான் இருக்கேன்."

"ஷிர்டி?"

"டிக்கெட்ட பஜனைக்கு வர்ற பத்மப்ரியாவுக்குக் குடுத்துட்டேன். பஸ் போயிடும், கெளம்பு."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் ஒன்றும் ரசிக்கவில்லை. ஆபீசில் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு கதவுக்கும் அட்டையைக் காட்ட வேண்டும். முதல் கதவு எனக்குப் பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட குஷி, அத்தையின் நினைப்பு வந்ததும் வடிந்துவிட்டது. சாப்பிடும்போதும் எங்கள் வீட்டு வாசல்தான் கண் முன்னால் நின்றது.

இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தேன். அத்தை அதே நாற்காலியில் இருந்தார். விளக்குப் போட்டிருக்கவில்லை. நான் ஸ்விட்சைத் தட்டிவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"அவரு வந்தாருதான்," என்றார் அத்தை. "நாள் பூரா இதையே பாத்துட்டிருந்தேன். சும்மா தேயாது இது."

தடியின் தேய்ந்த அடியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

"வந்தவரு ஏன்டி சொல்லல? நான் வந்துட்டேன், போதும், பூட்டிட்டு எங்கயாச்சும் போயிட்டு வான்னு. அந்தப் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை?"

"தோணியிருக்காதுங்க அத்தை. அவரு எப்ப வந்தாலும் கதவு திறந்துதானே இருந்துச்சு."

அத்தை என்னையே பார்த்தார். அப்போது கேட் சத்தம் கேட்டது. ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வாசு வந்துகொண்டிருந்தார். அத்தை தடியை ஊன்றி எழுந்தார். நேராக வாசலுக்குப் போய், இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது. கதவு ஒரு தடவை அசைந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. வாசு அங்கேயே நிற்பது தெரிந்தது. சொந்த வீட்டுக் கதவைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரோ அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல, மெதுவாக இரண்டு தட்டு.

"அம்மா? சௌம்யா? யாரும் இல்லையா?"

நான் எழுந்திருக்கப் போனேன். அத்தை கைத்தடியை எனக்குக் குறுக்கே நீட்டினார்.

"தட்டட்டும்," என்றார்.