சிவப்பு வரும் வரை

காரின் முன்சக்கரங்கள் இரண்டும் பலகை அடுக்கின்மேல் ஏறி நின்றன. பின்சக்கரங்களுக்கு அண்டையாகச் செங்கல் வைத்து, கைபிரேக்கையும் இழுத்துவிட்டிருந்தார்கள். ஜெயஷீலா ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைத் தரையில் விரித்து, நைட்டியைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். கையில் ஸ்பானர். நெஞ்சின்மேல் மீன் கழுவும் அலுமினியச் சட்டி.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இடதுகாலை நீட்டியபடி அவள் கணவன் ஜெபசிங் உட்கார்ந்திருந்தான். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். பாலராமபுரத்தில் ஒரு டிப்பர் இடித்து, இடது முழங்காலில் கம்பி வைத்த பிறகு அந்தக் கால் மடங்குவதில்லை. கிளச் மிதிக்க முடியாதவனுக்கு யாரும் வண்டி தரவில்லை. ஒன்றரை வருடம் வீட்டில் கிடந்தான். கிளச் இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் கார் ஓணத்துக்கு முந்திய வாரம் வந்த பிறகுதான் மறுபடியும் தினமும் சவரம் செய்துகொள்ளத் தொடங்கியிருந்தான்.

"நட்டு தெரியுதா?"

"இஞ்ச மூணு நட்டு கெடக்கு. எதுன்னு வெவரமாச் சொல்லணும்."

"எஞ்சின் ஆயில் நட்டத் தெறந்துராத. அதுக்கு எடப்பக்கம், தட்டையா ஒரு சட்டி இருக்கும் பாரு. அதுக்க அடியில."

"சாளை பொரிக்கிற சட்டி மாரி இருக்கே, அதா?"

"அதேதான். திருப்பு."

"நாக்கால திருப்புததுக்கு லேசாத்தான் இருக்கும். இது இறுகிக் கெடக்கு."

அவன் சிரித்தான். கிணற்றடியில் எண்ணெய் சிந்திவிடுமோ என்ற கவலையில் மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாவின் மலையாளக் குரல் வந்தது. "ஜெயே, முற்றத்து எண்ண வீழ்த்தல்லே! கெணறு அடுத்தாணு, கேட்டோ!"

"இல்ல சேச்சி, ஒரு துள்ளி விழாது!" என்று வண்டிக்கு அடியிலிருந்தே கத்தினாள்.

ஒரு வாரமாகக் கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைப்பதுபோல வண்டி துள்ளியது. மருதங்குழியில் ஒரு சவாரிக்காரர் பாதியில் இறங்கிப் போய்விட்டார். ஷோரூமில் கேட்டபோது, கியர் ஆயில் பழசாகியிருக்கும், முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை. ஜெபசிங் போனில் ஒருவன் வீட்டிலேயே செய்து காட்டுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஒரே தடவையில் எல்லா ஆயிலும் இறங்காது. இறங்கியதை அளந்து, அதே அளவுக்குப் புதியதை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, மறுபடியும் இறக்க வேண்டும். நல்ல சிவப்பாக வரும்வரை அப்படியே செய்ய வேண்டும். குனிந்து படுக்கிற வேலை மட்டும் அவனால் ஆகாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் அவள் வண்டிக்கு அடியில் கிடந்தாள்.

நட்டு சட்டென்று இளகியது. சட்டியை நீட்டிப் பிடித்தாள்.

"எப்பிடி வருது? கறுப்பா, பழுப்பா?"

"ரோஸ்மில்க்கு மாரி வருது" என்று சிரித்தாள். "நொரையெல்லாம் இருக்கு. இந்த ஆயிலு கொள்ளாம், பாக்கியதுக்கு அழகாட்டு இருக்கு."

நாற்காலி சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஜெபசிங்கின் நீட்டிய கால் முதலில் தெரிந்தது. பிறகு ஒரு கை பம்பரைப் பிடித்தது. எப்படியோ தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளே பார்த்தான்.

"சட்டிய இஞ்ச தள்ளு."

தள்ளினாள். இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று, ஓரத்தில் நுரை கட்டி நின்றது. அவன் விரலை முக்கி, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்தான். முகர்ந்தான். மறுபடியும் தேய்த்தான்.

"தண்ணி" என்றான்.

"மழையில ஓட்டினதுல எறங்கியிருக்கும்."

"மழையில ஓட்டினா கியருக்குள்ள தண்ணி எறங்காது பிள்ளே. அதுக்க மூச்சுக்குழல் மேல, பேட்டரி ஒசரத்துல இருக்கு. அதுக்கு மேல தண்ணி நின்னாத்தான் உள்ள போகும்." அவன் குரல் சிறுத்துப்போயிருந்தது. "இந்த வண்டி முங்கியிருக்கு."

ஜெயஷீலா மறுபடியும் உள்ளே நகர்ந்தாள். எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரலை விட்டுத் துழாவினாள். கோதுமை மாவுபோல மெல்லிய மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. இன்னும் உள்ளே ஏதோ நார் தட்டுப்பட்டது. இழுத்தாள். காய்ந்து கறுத்த வேர்க்கொத்து. தோடு என்கிற ஓடைகளிலும் ஆற்றிலும் மிதக்கும் ஆகாயத்தாமரையின், குளவாழையின் வேர். கிள்ளியாற்றங்கரையில் வாடகைக்கு இருந்தபோது வெள்ளம் வடிந்த வாசற்படியிலிருந்து இதைத்தான் பெருக்கித் தள்ளியிருக்கிறாள்.

வேரைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. கடைசிவரை இழுத்தாள். ஒரு கறை இல்லை. புதுத் துணிபோல இருந்தது.

அது அப்படித்தான் இருக்கும். அதைக் கழுவியவள் அவள்.

பைபாஸ் ஓரத்தில் பழைய கார் விற்கும் யார்டில் உள்துடைப்பு அவளுடைய வேலை. வேறெங்கோ உள்ள கோடௌனில் கழுவிப் பழுதுபார்த்து முடித்த வண்டிகள் யார்டுக்கு வரும். சீட் துடைத்து, பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அகலத் தட்டில் அடுப்புக்கரி நிரப்பிக் காலடியில் வைத்து, கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிட வேண்டும். சில நாட்களில் அடைந்த வாசம் போய்விடும். வளைகுடாக்காரர்கள் வீட்டில் பூட்டிக் கிடந்த வண்டிகள், அதனால்தான் இந்த வாசம் என்று மேனேஜர் பிரஜின் சொல்லியிருந்தான். இந்த வண்டியின் பெல்ட்டில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு இருந்தது. கேட்டபோது, "ஆரோ சாயா கொட்டியிருக்கும் சேச்சி" என்றான். டூத்பிரஷ் வைத்து ஒரு மதியம் முழுக்கத் தேய்த்து அதை எடுத்தாள்.

ஆட்டோமேட்டிக் வண்டி விசாரிக்கலாம் என்று ஜெபசிங் சொன்னபோது யார்டில் மூன்று நின்றன. மற்ற இரண்டும் அவள் தொடாதவை. "இது நானே எனக்க கையால தொடச்ச வண்டி. மூலை முடுக்கெல்லாம் தெரியும்" என்று சொல்லி இதைக் காட்டினாள். மீதித் தொகை அவள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும் என்று பிரஜின் தாராளமாகச் சொல்லியிருந்தான்.

பெல்ட்டைக் கைவிட்டாள். அது சரசரவென்று உள்ளே ஓடி, கொக்கி கதவுத் தூணில் 'டக்'கென்று இடித்தது.

ஜெபசிங் தரையிலேயே உட்கார்ந்து அவளைப் பார்த்தான். "உனக்குத் தெரியாதா ஷீலா?"

"என்ன கேக்கிய நீங்க?"

"இல்ல, தெனமும் அங்கின நிக்கிய ஆளு. கரி எதுக்குன்னு ஒருநாளும் தோணல்லியா?"

கையிலிருந்த வேர் நொறுங்கியது. கேட்டுவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு, "புது ஆயில எடு" என்றான். "கழுவிக் கழுவி எடுத்தா ஒருவேள சரியாவும்."

நட்டைப் பூட்டினாள். பானெட்டுக்குள் நீளப் புனலை வைத்து ஊற்றினாள். புது ஆயில் மாதுளைச் சாறுபோலச் சுத்தமான சிவப்பாக இறங்கியது. அவன் எஞ்சினை ஓடவிட்டு, காலை பிரேக்கில் வைத்து, கியரை ஒவ்வொன்றாக நகர்த்தினான். ஒவ்வொன்றுக்கும் வண்டி வயிற்றில் அடிபட்டதுபோலக் குலுங்கியது. அணைத்துவிட்டு, மறுபடியும் இறக்கினார்கள். ரோஸ். இன்னும் ஒரு தடவை. வெளிறிய ரோஸ். வாங்கிவைத்த டப்பாக்கள் தீர்ந்தன. கடைசியாக இறங்கியதைச் சட்டியோடு வெயிலில் தூக்கிப் பிடித்து, "செவப்பு மாரி இல்லியா?" என்று அவன் கேட்டான். அவள் ஆமாம் என்றாள். இரண்டு பேருக்கும் தெரியும்.

கைகழுவ முருங்கை மரத்தடிக்குப் போனபோது வானம் இருண்டு ஐப்பசியின் துலாமாத மழை தொடங்கியது.

மறுநாள் பிரஜின் அவளை எதிரே உட்காரச் சொன்னான். எல்லையோரப் பாறசாலைக்காரன். தமிழ் ஆட்களிடம் இரண்டு மொழியும் கலந்து மரியாதையாகப் பேசுவான். அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டான்.

"முங்கின வண்டின்னு ஆரு சொன்னா சேச்சி?"

"கியருக்குள்ள தண்ணி. அடியில மண்ணும் குளவாழ வேரும் கெடக்கு."

"ரெண்டு மாசம் டாக்ஸி ஓட்டியிருக்கு. எந்தத் தோட்டுல இறக்கினாரோ, எனக்கு எப்படித் தெரியும்?" அவன் பேனா மூடியைத் திருகினான். "நான் கேக்கட்டே. பெல்ட்டுல கறை உண்டா? கார்பெட்டுல மண்ணு உண்டா? உள்ள மணம் உண்டா?"

"அதெல்லாம் நானில்லா தொடச்சேன்!"

"அதுதான் நானும் சொல்லுறது. அந்த வண்டிக்க உள்ளு சேச்சிக்குத் தெரிஞ்ச மாதிரி வேற ஆருக்குத் தெரியும்? வீட்டுக்காரரக் கூட்டிட்டு வந்து, இதுதான் நல்லதுன்னு காட்டினதும் சேச்சிதான். நாளைக்கு கேஸ்னு போனா, ஆரு தொடச்சதுன்னு முதல்ல கேப்பாங்க. உங்க பேருதான் வரும். வேண்டாம் சேச்சி. நம்ம ஆளுன்னு நினைச்சுத்தான் சொல்லுறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"வேலைக்கு வராமல் இருந்துராதீங்க. மீதிய மொத்தமா கேக்க வேண்டி வரும்" என்றான் பிரஜின், அதே மரியாதையோடு.

வெளியே ராகேல் கரித்தட்டுகளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெயஷீலாவுக்கு முன்பே அங்கு வேலைக்குச் சேர்ந்தவள். முகத்தைப் பார்த்ததும், "என்னத்தா, கியரு போச்சா?" என்று கேட்டாள்.

ஜெயஷீலா நின்றாள். "கியருன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

ராகேலின் கை நின்றது. "இஞ்சேரு... உனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். முங்கின வண்டி, அதான் வெல கொறச்சு எடுக்கியாவன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்." குரலைத் தாழ்த்தினாள். "சத்தியமாத் தெரியாதா?"

மழை நாலைந்து நாள் விடாமல் பெய்தது. அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் நீர் நிறைந்து, ஆட்களைப் படகில் ஏற்றும் படங்கள் போனில் வந்தன. ஜெபசிங் வண்டியைப் பலகையிலிருந்து இறக்கவில்லை. சவரம் செய்வதையும் விட்டிருந்தான். அவளோடு பேசினான், ஆனால் கரியைப் பற்றிப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

வெயில் எட்டிப் பார்த்த நாளில் யார்டு வாசலில் ஒரு லாரி கரிமூட்டை இறக்கியது. இத்தனை மூட்டைகளை அவள் அங்கு கண்டதில்லை. அதற்குப் பின்னால் கார்களை ஏற்றிய ரெக்கவரி வண்டிகள் வரிசையாக நின்றன. கோடௌன் நிறைந்துவிட்டதாம். இந்த முறை நேராக இங்கேயே வந்துவிட்டன.

"சேச்சி, அந்த வெள்ள வண்டி சேச்சிக்கு" என்று பிரஜின் கைகாட்டினான். "ஆட்டோமேட்டிக்காக்கும். நல்லா நோக்கிச் செய்யணும்."

கதவைத் திறந்தாள். சேற்றுநீர் மடமடவென்று கொட்டி அவள் பாதங்களை நனைத்தது. உள்ளே குனிந்து பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தாள். உட்கார்ந்த ஆளின் நெஞ்சுக்கு வரும் இடத்தில், ஈரம் காயாத மண்கோடு ஒன்று பட்டையின் குறுக்கே நேராக ஓடியது.

"கோடு தெரியக் கூடாது கேட்டோ" என்றது பின்னாலிருந்து அவன் குரல்.

வாளியில் சோப்பு நுரைத்திருந்தது. நகக்கண்களில் இன்னும் போகாத ரோஸ் நிற எண்ணெயோடு அவள் பிரஷ்ஷை அதில் முக்கினாள்.