சும்மா விளையாடியவள்

என் பெயரை முதலில் பஸ்ஸில் கண்டவர் சிறி அண்ணைதான். அவரின் முழுப்பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. கனடாவில், ஸ்காபரோவில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற தொழிற்சாலை ஒன்றில் நானும் அவரும் ஒரே மெசினுக்கு இரண்டு பக்கமும் நின்று கட்டில் விரிப்பு மடிக்கிறவர்கள்.

"சூசை, உம்மட மோள் பஸ்ஸில போறாள்" என்றார்.

"அவள் ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலதானே அண்ணை போறவள்."

"உள்ளுக்க இல்லையப்பா, வெளியில. பக்கத்தில பெரிசா ஒட்டிக்கிடக்கு. பாய்ஞ்சு பந்தடிக்கிறாள். முதுகில உம்மட பேர்."

நான் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து ஃபின்ச் வீதியில் நிற்கும்போது அந்த பஸ் வந்தது. மகள் ஜெசிகா படிக்கிற பல்கலைக்கழகத்தின் விளம்பரம். அவள் அங்கே வொலிபோல் அணியில் விளையாடுகிறாள். பின்னாலிருந்து எடுத்த படம். கை மேலே, பின்னல் ஒரு பக்கம், முதுகில் இங்கிலீஷ் எழுத்தில் சூசைதாசன். இந்த நாட்டில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். என்னுடையது நீளமான பெயர், ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோளில்தான் முடிகிறது.

நான் எழுத்துப் படித்தது நாற்பது வயதுக்குப் பிறகு, கோவில் மண்டபத்தில், சின்னப் பிள்ளைகளின் கதிரையில் இருந்து. பார்க்காமல் எழுதிய முதல் சொல் அந்தப் பெயர்தான். இப்போது அது என்னைவிடப் பெரிதாக றோட்டில் நிற்கிறது. கடைசி எழுத்து வரைக்கும் வாசித்து முடிக்க, கதவைச் சாத்திக்கொண்டு பஸ் போய்விட்டது. அடுத்ததில்தான் ஏறினேன்.

"அதுக்கு எவ்வளவு குடுத்தவை?" என்று சிறி அண்ணை கேட்டார்.

"ஒண்டும் இல்லை அண்ணை."

"சும்மாவோ?"

"சும்மாதான்."

"பந்தடிக்கிறதும் சும்மா, படமும் சும்மா. சரி, அது அவளின்ர. பேர் உம்மடயெல்லோ? பேருக்கெண்டாலும் வாடகை கேளும். அமெரிக்காவில இப்ப விளையாடுற பிள்ளையளுக்குக் குடுக்கத் தொடங்கிட்டினமாம்."

நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கதை மனதை விட்டுப் போகவில்லை. ஜெசிகா விடிய முன்னம் எழும்பிப் பயிற்சிக்குப் போகிறவள். பிறகு வகுப்பு, பின்னேரம் திரும்பவும் பயிற்சி. விளையாட்டு இல்லாத நாட்களில் அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கறிக் கடையில் காசாளராக நிற்கிறாள். பல்கலைக்கழகம் கட்டணத்தில் கொஞ்சம் கழிக்கும், அது புத்தகத்துக்கே காணாது.

ஒரு சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு அவளின் ஆட்டம் பார்க்கப் போனேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. வாசலில் டிக்கெட் விற்றார்கள். உள்ளே அணியின் பெயர் போட்ட சேர்ட் விற்றார்கள். ஜெசிகா பாய்ந்து அடிக்கிற போதெல்லாம் என் பெயரும் அவளோடு மேலே போய்க் கீழே வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் அந்தப் பெயரை உடைத்து உடைத்துக் கத்தினார்.

முடிந்ததும் கீழே இறங்கி, அணியைப் பழக்குகிற கோச்சிடம் போனேன். ஜெசிகா வியர்வையோடு ஓடி வந்தாள்.

"பிள்ளை, இவவிட்டக் கேள். பஸ்ஸில போட்ட படத்துக்கு என்ன குடுப்பினம் எண்டு."

அவள் முகம் ஒரு கணம் செத்துவிட்டது. பிறகு கோச் பக்கம் திரும்பி இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னாள். என் இங்கிலீஷ், வேலைத்தலத்துப் போர்மனோடு கதைக்கிற அளவுக்குத்தான். அதிலும் நன்றி என்பதும், பெருமை என்பதும் எனக்கு விளங்கின. காசு என்ற சொல் வரவில்லை. கோச் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். ஆசையால் விளையாடுகிற பிள்ளை இவள் என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

பஸ் தரிப்பில் கேட்டேன். "நான் கேட்டதை நீ சொல்லேல்ல."

"ஓம். சொல்லேல்ல."

"ஏன்? உன்னை வைச்சு டிக்கெட் விக்கினம், சேர்ட் விக்கினம். மரக்கறிக் கடைக்காரன்கூட மணித்தியாலத்துக்கு எண்ணித் தாறான்."

"ஐ நோ, அப்பா. தரத்தான் வேணும். டீமில எல்லாரும் அதைத்தான் கதைக்கிறவை. பட் நீங்கள் போய்க் கேக்காதேங்கோ."

பந்துப் பையைக் காலால் உதைத்தாள்.

"நீங்கள் வேலைக்குப் போறது வீட்டுக்கு. நான் படிக்கிறது வேலைக்கு. கடையில நிக்கிறது பஸ் காசுக்கு. லைக், இது ஒண்டுதான் நான் சும்மா செய்யிறது."

சும்மா என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டு அர்த்தம். ஒன்று சோம்பல், மற்றது ஏமாறுவது. சின்ன வயதில் அவளை எத்தனை தரம் ஏசியிருப்பேன், சும்மா திரியாதை என்று. அவள் வாயில் அந்தச் சொல் பெருநாள் உடுப்பு மாதிரி இருந்தது.

"அப்ப சும்மா விளையாடு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு என் தோளில் சாய்ந்தாள்.

தை மாதம் வேலைத்தலத்து வாசலில் ஐஸில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு நாரி போய்விட்டது. நிற்கவே கூடாது என்று டொக்டர் சொன்னார். இன்சூரன்ஸ்காரர் கடிதம் போட்டார்கள், காசு போடவில்லை. என் மனைவி றெஜினா முதியோர் இல்லச் சமையலறையில் கொண்டுவருகிற சம்பளம் வாடகையோடு முடிந்தது.

ஒரு ஞாயிறு பூசைக்குப் போய்வந்து சாப்பிட இருந்தோம்.

"கோச்சிட்டச் சொல்லிப்போட்டன்" என்றாள் ஜெசிகா. "வெயர்ஹவுஸில ஈவினிங் ஷிப்ட் கிடைச்சிருக்கு. பிராக்டிஸும் அந்த நேரம்தான்."

றெஜினா என்னைப் பார்த்தாள். விடாதை பிள்ளை என்று ஒரு சொல். அதை நான் சொல்லியிருக்க வேணும். சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

படுக்கையில் கிடந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரன் கொடுக்கிறதில் பாதியை அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்திருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். அது நிச்சயம். ஆனால் கொடுத்திருந்தால் அதுவும் இன்னொரு ஷிப்ட் ஆகியிருக்குமோ? எனக்கு முடிவு தெரியவில்லை. காசு வராத ஒன்றைத்தான் எங்கள் வீடு முதலில் வெட்டியது, அது மட்டும் தெரியும்.

சேர்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அதை வைச்சிருக்க விடமாட்டினமோ?"

"அது டீமின்ர, அப்பா."

"பேர் எங்கடயெல்லோ?"

"பேரைக் கழட்டிப்போட்டு அடுத்த ஆளுக்குக் குடுப்பினம்."

பனி கரைந்த பிறகு நான் திரும்ப வேலைக்குப் போனேன். இருந்துகொண்டு செய்கிற வேலை, குறைந்த மணித்தியாலம். முதல் நாள் பின்னேரம் ஜெசிகாவும் என்னோடு வந்தாள். அவளின் வெயர்ஹவுஸும் அதே பஸ் பாதையில்தான். அவள் காலில், நுனியில் இரும்பு வைத்த சப்பாத்து.

வந்தது அந்த பஸ். குளிர்காலம் முழுக்க றோட்டு உப்புப் பட்டு, சூசையை அழுக்கு மூடி, தாசன் மட்டும் தெரிந்தது. அவள் படத்தைப் பார்க்கவில்லை. "பாத்து ஏறுங்கோ" என்று என் முழங்கையைப் பிடித்தாள்.

படம் ஒட்டிய பக்கம்தான் இடம் கிடைத்தது. உள்ளிருந்து பார்த்தால் அவள் தெரியவில்லை. யன்னல் முழுக்க ஒட்டிய படத்தாளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை, அதற்குள்ளால் றோட்டு மங்கலாகப் போனது. ஜெசிகா தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"பிள்ளை, சம்மருக்கெண்டாலும் பார்க்கில போய்ச் சும்மா விளையாடன்."

"டைம் இல்லை, அப்பா" என்றாள், கண் திறக்காமலே.