லொறிக்குப் பூட்டிய சின்ன எஞ்சின்

குலேந்திரன், வயது இருபத்திரண்டு, வின்டர்தூர், சுவிஸ். ஜெயமலர் அக்கா, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே படிவங்கள் நிரப்பி நிரப்பி எதையும் இப்படியே தொடங்கப் பழகிவிட்டது. அறையில் ஒருவரும் இல்லை. வாயால் சொல்லிச் சொல்லி, வந்தபடியே எழுதுகிறேன். அத்தானுக்கு வாசித்துக் காட்டினாலும் சரி. அம்மாவுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்.

லொறிக் கொம்பனியில் மெக்கானிக் என்று ஊருக்கு எழுதியிருந்தேன். உண்மையில் நான் லொறி கழுவுகிறேன். வேலை கேட்டுப் போனபோது முதலாளி வேக்மனிடமும் மெக்கானிக் என்றுதான் சொன்னேன். அப்பா கிணற்று இறைப்பு மெசின் திருத்தும்போது பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான்.

இந்த நாட்டில் இரவில் லொறி ஓடக்கூடாது. நிறுத்திய இடத்திலேயே, இருக்கைக்குப் பின்னாலுள்ள படுக்கையில் சாரதி படுக்க வேண்டும். குளிருக்காகப் பெரிய எஞ்சினை விடியவிடிய ஓடவிட்டால் டீசலும் வீண், அயலவரும் பொலிசைக் கூப்பிடுவார்கள். அதனால் ஊலியின் லொறிக்குத் தனியாகச் சூடு தரும் கருவி ஒன்று பூட்ட முதலாளி தீர்மானித்தார். ஊலி எங்கள் மூத்த சாரதி, மலைப் பக்கம் போகிறவர்.

இரண்டு வகை இருந்தது. ஒன்று டீசலில் எரியும் சின்ன ஹீட்டர். சூடான காற்று மட்டும் தரும், சத்தம் குறைவு. மற்றது குட்டி எஞ்சின். சூடும் தரும், பற்றறியையும் சார்ஜ் பண்ணும். ஊலி ஹீட்டர்தான் கேட்டார். "எனக்குச் சூடு மட்டும் காணும். கரன்டை வைச்சு நான் என்ன, ஐஸ்கிறீம் கடையோ போடப்போறன்?" என்று சிரித்தார்.

முதலாளி இரண்டு படத்தையும் என் முன்னால் வைத்து எது நல்லது என்று கேட்டார். ஹீட்டர் எனக்குத் தலைகால் விளங்கவில்லை. எஞ்சினைப் பார்த்தால் எங்கள் இறைப்பு மெசின் மாதிரியே இருந்தது. அதனால்தான் அதில் விரலை வைத்தேன் அக்கா. வேறு காரணமே இல்லை.

பூட்ட வந்தவன் ஒரு பிளாஸ்டிக் கானில் பச்சைத் திரவம் தந்து, தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் தொட்டியில் ஊற்றச் சொன்னான். விளங்கியது. ஆனால் நாங்கள் மெசினுக்குக் கிணற்றுத் தண்ணீரை, அதுவும் துணியால் வடித்து ஊற்றிய ஆட்கள். நல்ல தண்ணீரில் சாயத்தைக் கலக்கச் சொல்கிறானே, கான் விற்கிறதற்குச் செய்கிற வேலை என்று நினைத்தேன். குழாய்த் தண்ணீரை நிரப்பிவிட்டுக் கானைத் தட்டின் பின்பக்கம் தள்ளிவிட்டேன்.

போன கிழமை மலையில் மைனஸ் இருபது. எஞ்சின் அதிர்வில் நித்திரை வராமல் ஊலி அதை நிறுத்திவிட்டு, இரண்டு போர்வையோடு படுத்திருக்கிறார். காலையில் பார்த்தால் உள்ளே தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளந்திருக்கிறது. அந்தப் பச்சைத் திரவம் கலந்திருந்தால் உறைந்திருக்காதாம். லொறி வந்து சேர்ந்ததும், பச்சைத் திரவம் கலந்தாயா என்று முதலாளி என்னைக் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அப்படியென்றால், தொடக்கத்திலேயே இதை வேண்டாம் என்ற ஊலிதான் அதை வெளியே ஊற்றிவிட்டு வெறும் தண்ணீர் விட்டிருக்கிறார் என்று முதலாளி முடிவு கட்டினார். வருகிற திங்கள் முதல் அந்த லொறி ஊலிக்கு இல்லை. பதினொரு வருடம் வேலை செய்த மனிதருக்கு இனிக் கல்லு ஏற்றும் பழைய லொறி.

நேற்று ஊலி கழுவும் இடத்துக்கு வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"குலேன், அதை நிரப்பினது நீ. நான் மூடியைத் தொடேல்லை. அவரிட்டை ஒருக்காச் சொல்லு."

"எனக்கு ஜெர்மன் விளங்கேல்லை" என்றேன்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காமல் போகவில்லை.  அவர் தண்ணீர்க் குழாயை வாங்கி, நான் பாதியில் விட்ட லொறிச் சில்லைத் தானே கழுவிவிட்டுப் போனார்.

என்னோடு அறையில் இருக்கும் தயாபரனிடம் சொன்னேன். "விசரா, வாயைப் பொத்திக்கொண்டு இரு. உன்ர கேஸ் இன்னும் முடியேல்லை. வேலையும் போனால் என்ன செய்வாய்?" என்றான். அவன் சொல்வது பொய்யில்லை. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை, எனக்கும் பயம்தான். ஆனால் இன்று காலை ஊலி தன் போர்வைகளையும் கோப்பிக் கோப்பையையும் அந்த லொறியிலிருந்து இறக்கினார். நான் மற்றப் பக்கம் போய்க் குனிந்து கழுவினேன். ஒளிந்து நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

என்னிடமுள்ள ஜெர்மன் இதைச் சொல்லப் போதாது. நீங்கள் பேர்ணில் ஆஸ்பத்திரி ஆட்களோடு மூன்று வருடமாகக் கதைத்துப் பழகியவர். ஜெர்மனில் அரைப் பக்கம் எழுதித் தாருங்கள். பச்சைத் திரவம் கலக்காதது நான், கேட்டபோது பொய் சொன்னதும் நான், ஊலி மூடியைத் தொடவில்லை. சின்னப் பெடியன், தெரியாமல் செய்துவிட்டான் என்று என் பக்கம் பேசி எழுத வேண்டாம். சனிக்கிழமைக்கு முன் கிடைக்கிற மாதிரித் தபாலில் போடுங்கள் அக்கா. நானே கொண்டுபோய் முதலாளி கையில் கொடுப்பேன்.